கண்டாச்சிபுரம் வெயிலில் பாரிஸ் சென்ட்

விலையுயர்ந்த ஆண்கள் சென்ட் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குளிர் ஊர்க்காரர்கள். கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பும் ஊர்கள். "எட்டு மணி நேரம் நிற்கும்", "மாலை விருந்துக்கு அருமை" என்று அவர்கள் சொல்வதெல்லாம் அவர்கள் ஊருக்குச் சரி. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. சித்திரை மாதத்தில் காலை பத்து மணிக்கு கண்டாச்சிபுரத்தில் பஸ் ஏறி, நின்றுகொண்டே காணையைத் தாண்டி விழுப்புரத்தில் இறங்கும்போது அந்த வாசனை என்ன ஆகியிருக்கிறது? பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாரா, இல்லை "என்ன சென்ட் தம்பி இது?" என்று கேட்டாரா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிப்பு சென்ட் எதுவும் எங்கள் வெயிலைத் தாங்குவதில்லை. வெனிலா, கேரமல், டோங்கா என்று வரிசையாக வரும் புதிய சரக்கெல்லாம் நாற்பது டிகிரியில் தொண்டையை அடைக்கிறது. வேர், மரக்கட்டை, கல், கசப்பு இவைதான் நிற்கின்றன. நின்றால் போதாது, வியர்வையோடு சேர்ந்தும் நன்றாக இருக்கின்றன. இந்தச் சரக்குகளில் பாதியை நம் மூக்கு பிறந்ததிலிருந்தே அறியும். பாரிஸ்காரர்கள் பாட்டிலில் போட்டு அனுப்பும்போது நாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது குறைவு. இருக்கிற மூக்கை நம்பினால் போதும்.

முன்பெல்லாம் இந்தப் பக்கத்துக்கு நல்ல சென்ட் வந்த வழி ஒன்றுதான். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் மாமாவோ சித்தப்பாவோ லீவில் வரும்போது பெட்டியிலிருந்து எடுத்துத் தருவது. ஊர் அதை 'பாரின் சென்ட்' என்றது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மட்டும் அடிப்பார்கள். மீதி நாளெல்லாம் அது பீரோவில், பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் இருக்கும். இன்று டிகான்ட் வந்துவிட்டது. பெரிய பாட்டில் வாங்கியவர்கள் அதிலிருந்து 5 மில்லி, 10 மில்லி என்று சின்னக் கண்ணாடிக் குப்பியில் இறக்கி விற்கிறார்கள். முழு பாட்டில் பத்தாயிரம், இருபதாயிரம் என்று போகும் சரக்கைச் சில நூறு ரூபாயில் சட்டையில் போட்டுப் பார்க்கலாம். கூரியர் கண்டாச்சிபுரம் வரைக்கும் வருகிறது. இந்த வசதி இல்லாவிட்டால் இந்தப் பதிவையே நான் எழுதியிருக்க முடியாது.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் பாறை. செஞ்சி வரைக்கும் இப்படித்தான், யாரோ கொட்டிக் குவித்த மாதிரி உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். மாடு மேய்க்கப் போன பிள்ளைகளுக்கு அந்தக் கல்லின் வாசனை தெரியும். மத்தியான வெயிலில் காய்ந்த பாறையில் கன்னத்தை வைத்தால் ஒரு வறண்ட, லேசாகப் பொரிந்த வாசனை வரும். கல் உடைக்கும் இடத்தில் அது இன்னும் கூர்மையாக இருக்கும். உளி விழுந்து பொறி பறந்த இடத்தை உடனே முகர்ந்து பார்த்தால் வெடிமருந்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஒன்று மூக்கில் ஏறும். ஒரு நொடிதான், அப்புறம் போய்விடும்.

2006-இல் ஹெர்மெஸ் நிறுவனத்துக்காக ஜான்-க்ளோட் எலெனா செய்த 'டெர் டெ ஹெர்மெஸ்' சென்ட்டில் அந்த வாசனை இருக்கிறது. அடித்தவுடன் ஆரஞ்சுத் தோல். சுளையின் இனிப்பு கிடையாது, தோலைக் கிள்ளினால் கண்ணில் தெறிக்கிற கசப்பு எண்ணெய். அதன் பின்னாலேயே மிளகு. பத்து நிமிஷத்தில் ஆரஞ்சு இறங்க, கல் மேலே வருகிறது. அந்த நிறுவனமே இதைச் சிக்கிமுக்கிக் கல்லின் வாசனை என்றுதான் சொல்கிறது. கடைசியில் வெட்டிவேரும் தேவதாருக் கட்டையும் நிற்கின்றன. இதில் ஐசோ ஈ சூப்பர் என்ற செயற்கை மரவாசனைப் பொருள் மிகப் பெரிய அளவில் போட்டிருக்கிறார்கள். அது தனியாக மோந்தால் சிலருக்கு ஒன்றுமே தெரியாது, மற்ற வாசனைகளுக்குள் காற்றோட்டம் தருவதுதான் அதன் வேலை. எங்கள் வெயிலில் இந்தக் காற்றோட்டம் பெரிய உதவி. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதுகூட இது கனக்கவில்லை. உப்பு வியர்வை பட்டால் கல் வாசனை இன்னும் உண்மையாகத் தெரிகிறது.

ஐரோப்பியர்களுக்கு இது கற்பனையில் வரும் நிலம் என்று நினைக்கிறேன். செஞ்சி ரோட்டில் வளர்ந்தவனுக்குக் கற்பனையே தேவையில்லை. யாராவது ஒரே ஒரு நல்ல சென்ட் வாங்க வேண்டும், பகலில் போட வேண்டும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். தண்ணீராக இருக்கும் ஓ டி டுவாலெட் வகையைத்தான் சொல்கிறேன். அடர்த்தியான பர்ஃபம் வகை மார்கழிக்கு நல்லது.

அடுத்தது வெட்டிவேர். என் பிரியம் எல்லாவற்றிலும் கூடுதலாக இதன்மேல்தான்.

ஆயா வீட்டு மண்பானையில் வெயில் காலம் முழுக்க ஒரு கொத்து வெட்டிவேர் கிடக்கும். சிவப்பு நூலில் கட்டி, கொதித்து ஆறிய தண்ணீரில் போட்டுவிடுவாள். ரெண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவாள். அந்தத் தண்ணீரைக் குடித்தால் தொண்டையில் முதலில் மண், பிறகு புல், கடைசியில் லேசான புகை. இந்த வேர் எங்கள் பக்கத்துக்கு வருவது கடலூர் கடலோரத்திலிருந்து. அங்கே மணல்பாங்கான கிராமங்களில் இதைப் பயிராகவே வைக்கிறார்கள். மணலில் வளர்ந்தால் வேர் நீளமாக இறங்கும், அறுபடாமல் தோண்டி எடுக்கவும் வரும். மாலையாகவும் தட்டியாகவும் தலையணையாகவும் விற்கிறார்கள். கொஞ்சம் எண்ணெயும் எடுக்கிறார்கள்.

எண்ணெய் எடுப்பது லேசான காரியம் கிடையாது. வேரைக் கழுவி, நறுக்கி, ஊறவைத்து, ஆவியில் ஒரு நாள் முழுக்கக்கூட வடிக்க வேண்டியிருக்கும். நூறு கிலோ காய்ந்த வேரில் ஒரு கிலோ எண்ணெய் தேறினால் நல்லது. வெட்டிவேரின் கனமான பொருள்கள் கடைசி நேரத்தில்தான் இறங்கும் என்பதால் அடுப்பைச் சீக்கிரம் அணைத்தால் வாசனை பச்சையாக, அரைகுறையாக நின்றுவிடும். உலகத்துக்கு இந்த எண்ணெயை அதிகமாகக் கொடுப்பது கரீபியக் கடலில் இருக்கும் ஹைட்டி. பாரிஸ் சென்ட்டுகளில் இருப்பது பெரும்பாலும் அந்த ஊர் வேர்தான்.

1959-இல் கெர்லான் குடும்பத்துப் பையன் ஜான்-போல் கெர்லான், இருபத்திரண்டு வயதில், 'வெட்டிவர்' என்ற சென்ட்டைச் செய்தார். இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேல் ஓடும் ஆண்கள் சென்ட்டுகள் உலகத்திலேயே குறைவு. எலுமிச்சையும் பெர்கமோட்டும் மேலே, ஜாதிக்காயும் மிளகும் நடுவே, புகையிலையும் வேரும் அடியில். முதல்முறை மணிக்கட்டில் போட்டுக்கொண்டு முகர்ந்தபோது பானைத் தண்ணீர் நினைவுக்கு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வந்தது வேறொன்று. சலவை செய்து வந்த வெள்ளை வேட்டி, பித்தளைச் செம்பு, வெற்றிலைச் செல்லத்தில் இருக்கும் புகையிலை, காலையில் சுத்தமாகக் குளித்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்காரும் பெரியவர். வேர் அதில் ஓர் ஆள் மட்டும்தான். நேர்த்தி என்று எதைச் சொல்கிறோமோ அது இதில் இருக்கிறது. விலையும் மற்ற ஆடம்பர சென்ட்டுகளோடு பார்க்கையில் நியாயமானது.

வேர் மட்டும் வேண்டும், மண்ணோடு வேண்டும் என்பவர்களுக்கு வேறு இரண்டு இருக்கின்றன. லாலிக் நிறுவனத்தின் 'ஆங்க்ர் நுவார்', 2006-இல் நத்தலி லோர்சோன் செய்தது. கறுப்பு மைக்கூடு மாதிரி சதுரக் குப்பி. இருட்டான, ஈரமான வேர். அடைமழை நாளில் சவுக்குத் தோப்புக்குள் நுழைந்தால் வரும் வாசனை. இன்னொன்று ஃப்ரெடெரிக் மால் வெளியிட்ட 'வெட்டிவர் எக்ஸ்ட்ராஆர்டினேர்', 2002-இல் தொமினிக் ரொப்பியோன் செய்தது. வெட்டிவேர் எண்ணெயை அவ்வளவு தாராளமாக ஊற்றிய சென்ட் அதற்கு முன்பு இல்லை. வேரின் கரடுமுரடான நாற்றத்தை வெட்டியெறிந்துவிட்டு வாசனையை மட்டும் விட்டு வைத்திருக்கிறார். விலை கேட்டால் மலைப்பாக இருக்கும், டிகான்ட்டில் போட்டுப் பார்க்க வேண்டிய சரக்கு.

சந்தனத்தில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அதையும் சொல்கிறேன்.

கோயிலில் சந்தனக்கல்லில் கட்டையைத் தேய்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நாலு சொட்டுத் தண்ணீர், வட்டமாகத் தேய்ப்பு. முதலில் வருவது ஈரக் கல்லின் வாசனைதான். அப்புறம் மெல்ல, பால் காய்ச்சும்போது வரும் அந்தக் கொழுமை. கடைசியில்தான் மரம். உச்சியில் காரமோ அடியில் இனிப்போ தனியாக நிற்காது, எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கும். இந்த மரம் எங்களுக்குத் தூரம் கிடையாது. கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் வளர்ந்த மரம். திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு இருக்கிறது, ஏலமும் அங்கே நடக்கும். சொந்தப் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனமும் சர்க்கார் சொத்து என்ற நிலை 2002-இல் சட்டத்தைத் திருத்தும் வரைக்கும் இருந்தது. தன் கொல்லையில் கன்று முளைத்தால் சந்தோஷப்படுவதற்குப் பதிலாகப் பயந்து பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. ஒரு பக்கம் அந்தப் பயம், இன்னொரு பக்கம் கடத்தல். இரண்டுக்கும் நடுவில் மரம் போய்விட்டது. இப்போது ஆஸ்திரேலியாவில் நம் சந்தன ரகத்தையே தோட்டம் தோட்டமாக வளர்த்து உலகச் சந்தைக்கு எண்ணெய் தருகிறார்கள்.

அதனால் இன்றைக்குப் பாட்டிலில் 'சந்தனம்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது செயற்கைப் பொருளும் வேற்று நாட்டு எண்ணெயும் கலந்தது. லெ லாபோவின் 'சாந்தால் 33', 2011-இல் வந்தது, உலகமே பேசிய சென்ட். எனக்கு அதில் ஏலக்காயும் தோலும் பென்சில் சீவலும் தெரிகின்றன, சந்தனக்கல் தெரியவில்லை. டிப்டிக்கின் 'தாம் தாவ்' கொஞ்சம் நெருங்கி வருகிறது. அதன் காய்ந்த மரத்தன்மை அழகு. ஷனெலின் 'எகோயிஸ்ட்', 1990-இல் ஜாக் போல்ஜ் செய்தது, சந்தனத்தோடு ரோஜாவையும் லவங்கப்பட்டையையும் சேர்த்தது. கல்யாண மண்டபத்து வாசலில் சந்தனமும் கல்கண்டும் ரோஜாவும் வைத்து, பன்னீர் தெளிப்பார்களே, அந்த வரவேற்பு மேசை இதில் அப்படியே இருக்கிறது. மற்ற சந்தன சென்ட்டுகளைவிட இதில்தான் நம் ஆள் நிம்மதியாக இருப்பான் என்பது என் எண்ணம்.

இனி மல்லி. ஆண்கள் சென்ட் பற்றிப் பேசும்போது பூ எங்கே வந்தது என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மேற்கத்தியக் கடையில் பூ பெண்ணுக்கு, கட்டையும் மூலிகையும் ஆணுக்கு என்று தட்டு பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் மாப்பிள்ளை கழுத்தில் மாலை, சாமி கழுத்தில் மாலை, ஜெயித்து வந்த தலைவர் கழுத்தில் ஆளுயர மாலை. சங்க காலத்து வீரர்கள் பூச்சூடிப் போருக்குப் போனார்கள். மார்பில் சந்தனம் பூசாத ராஜா நம் இலக்கியத்தில் இல்லை. பூ வாசனை ஆணுக்கு ஆகாது என்ற எண்ணம் எங்கேயோ இறக்குமதியானது, அதற்கு நாம் கட்டுப்பட வேண்டிய அவசியம் இல்லை.

அந்தத் தட்டைப் பாரிஸிலேயே ஒருவர் உடைத்தார். எட்மண்ட் ருட்னிட்ஸ்கா. 1966-இல் டியோருக்காக அவர் செய்த 'ஓ சொவாஜ்' எலுமிச்சை சென்ட் என்றுதான் பெயர் வாங்கியது. உள்ளே இருந்தது மல்லி. மல்லிகையை ஆராய்ந்தபோது கிடைத்த வழியில் ஃபிர்மெனிக் நிறுவனத்து வேதியியலாளர்கள் உருவாக்கிய ஹெடியோன் என்ற பொருளை அவர் அதில் பயன்படுத்தினார். பூவின் கனம் இருக்காது, பூ இருக்கும் அறையின் காற்று மட்டும் இருக்கும். அதற்குப் பிறகு ஹெடியோன் இல்லாத சென்ட்டைத் தேட வேண்டியிருக்கிறது. எங்கள் வெயிலுக்கு 'ஓ சொவாஜ்' பொருந்துகிறது, ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். ஒரு சின்னக் குப்பியைப் பையில் வைத்துக்கொண்டு மத்தியானம் இன்னொரு முறை போட வேண்டும்.

உண்மையான மல்லிச் சாற்றுக்கு வந்தால் தமிழ்நாடு இல்லாமல் பாரிஸ் இல்லை. சத்தியமங்கலம், கோயம்புத்தூர், நிலக்கோட்டைப் பக்கத்து ஆலைகளிலிருந்து குண்டுமல்லியும் ஜாதிமல்லியும் சாறாகப் போகின்றன. குண்டுமல்லியை மொட்டாகப் பறிப்பார்கள். ஆலையில் தரையில் பரப்பி, சாயங்காலத்துக்கு மேல் மொட்டு வெடித்து வாசனை விடும் வரைக்கும் காத்திருந்து, ராத்திரியில்தான் ஹெக்சேன் ஊற்றிச் சாறு இறக்குவார்கள். அப்சல்யூட் என்ற சுத்தச் சாறு ஒரு கிலோ எடுக்கப் பல நூறு கிலோ பூ போகும். விடியுமுன்னே தலையில் விளக்கு கட்டிக்கொண்டு மொட்டு பறிக்கும் பெண்களின் கைதான் அந்தப் பாட்டிலின் ஆரம்பம். பெரிய நிறுவனங்களின் விளம்பரத்தில் பிரான்ஸின் கிராஸ் நகரத்துப் பூந்தோட்டம் வரும் அளவுக்கு நிலக்கோட்டை வருவதில்லை. வர வேண்டும்.

மற்ற சிலவற்றை வேகமாகச் சொல்லிப் போகிறேன்.

டியோரின் 'ஃபாரன்ஹைட்', 1988. உலகத்துக்கு இது பெட்ரோல் வாசனை அடிக்கும் விசித்திர சென்ட். எனக்கு மோட்டார் கொட்டாய். கரண்டு இல்லாத நாளில் டீசல் என்ஜினைக் கைப்பிடி சுற்றி ஓடவிட்டு, குழாயில் தண்ணீர் வந்து விழும்போது ஈரப் புல்லும் எண்ணெயும் கலந்து வருமே, அதுதான். வயலட் இலையின் பச்சை வாசனை இந்த வித்தையைச் செய்கிறது. கோடையில் வேண்டாம். தை மாதத்து ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ் சான் லோரானின் 'கூரோஸ்', 1981, பியேர் பூர்டோன் செய்தது. பலர் இதை ஆட்டுக்கிடை என்று ஒதுக்குவார்கள். எனக்கு அதில் புனுகு தெரிகிறது. புனுகுச் சட்டம் சாத்திய சன்னிதியின் வாசனையை அறிந்தவர்களுக்கு இது அதிர்ச்சி தராது. திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரருக்குக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் கவசத்தைக் களைந்து புனுகுத் தைலம் சாத்துகிறார்கள். விலங்கு வாசனையில் புனிதம் காண்பது நமக்குப் பழக்கமான விஷயம். இப்போது சென்ட் நிறுவனங்கள் இயற்கைப் புனுகை விட்டுவிட்டுச் செயற்கையைத்தான் போடுகின்றன. புனுகுப்பூனையைக் கூண்டில் அடைத்துச் சுரண்டும் கொடுமையை நினைத்தால் அது நல்ல மாற்றம்.

டியோர் 'சொவாஜ்', 2015, பிரான்சுவா தெமாஷி. உலகத்தில் அதிகம் விற்கும் ஆண்கள் சென்ட்டுகளில் ஒன்று, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலும் இதையோ இதன் நகலையோ தினமும் முகரலாம். பெர்கமோட், மிளகு, நிறைய அம்ப்ராக்ஸான். இந்த அம்ப்ராக்ஸான், திமிங்கலத்தின் வயிற்றிலிருந்து கிடைக்கும் அம்பர்கிரிஸின் வாசனையை ஒட்டிச் செய்தது. நம் கடலோர மாவட்டங்களில் கடத்தல்காரர்களிடம் பிடிபட்டதாகப் பேப்பரில் வருமே, அந்தச் சரக்கு. செயற்கையாகக் கிடைப்பதால் திமிங்கலமும் பிழைத்தது, நாமும் ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை. சென்ட்டாக 'சொவாஜ்' சத்தம் அதிகம். வெயிலில் அது பஸ் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவரின் மூக்குக்கும் மரியாதை உண்டு என்று நினைப்பவன் நான். போட்டால் ஒரே ஒரு முறை அழுத்துங்கள், அதுவும் சட்டைக்குள்.

க்ரீட் 'அவென்டஸ்', 2010. அன்னாசிப் பழமும் கரிந்த கட்டையும். ராஜா மாதிரி பேசுகிறார்கள், விலையும் அப்படித்தான். நன்றாகத்தான் இருக்கிறது. அதே சாயலில் துபாய் 'அர்மாஃப் கிளப் டி நுய் இன்டென்ஸ்' பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைப்பதால் கல்லூரிப் பையன்களுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன். நம் ஓசூர் டைட்டன் நிறுவனம் 2013-இல் கொண்டுவந்த 'ஸ்கின்' வரிசையையும் சேர்த்துக்கொள்ளலாம். அல்பெர்த்தோ மொரீயாஸ் போன்ற பெரிய கலைஞர்களைக் கொண்டு செய்தது, கண்ணை உறுத்தாத விலை.

அகில் வாசனைக்கு மட்டும் பாரிஸ் பாட்டிலை நான் நாடுவதில்லை. 2002-இல் இவ் சான் லோரான் 'எம்7' வந்தபோதும், 2007-இல் டாம் ஃபோர்ட் 'ஊத் வுட்' வந்தபோதும் மேற்கே ஊத் என்கிற அகில் புதுச் செய்தி. நம்மிடம் அகில் புகை சிலப்பதிகாரக் காலத்திலிருந்து கூந்தலில் இருக்கிறது. விழுப்புரத்தில் தொழுகை முடிந்து வருகிறவர்களுக்காக அத்தர் விற்கும் பாய் ஒருவர் இருக்கிறார். பளிங்குக் குப்பியிலிருந்து கண்ணாடிக் குச்சியால் ஒரு கோடு மணிக்கட்டில் இழுத்து விடுவார். "உடனே மோந்து பாக்காதீங்க தம்பி. டீ குடிச்சிட்டு வாங்க, அப்புறம் சொல்லுங்க" என்பார். எந்தப் பெரிய கடையிலும் விற்பனையாளர்கள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அத்தரில் ஆல்கஹால் இல்லை. அதனால் முதல் ஐந்து நிமிஷ ஆர்ப்பாட்டமும் இல்லை, தோலின் சூட்டில் மெல்ல விரியும். அவர் கடையில் ஆண் சரக்கு, பெண் சரக்கு என்ற பிரிவே கிடையாது. ஊத், ரோஜா, மல்லி, தாழம்பூ, எல்லாம் ஒரே பலகையில். தாழம்பூ அத்தர் வாங்கிக்கொண்டு நான் ஊருக்கு வரும் பஸ், சிவனுக்குத் தாழம்பூ ஆகாது என்று கதை சொல்லும் திருவண்ணாமலைக்குப் போகும் பஸ். பௌர்ணமியன்று அந்தப் பஸ்ஸில் திருநீறு, கற்பூரம், கதம்பம், வியர்வை எல்லாம் கலந்து வரும் வாசனையை யாராவது பாட்டிலில் போட்டால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

மழைக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். எலெனா 2008-இல் 'அன் ஜார்தான் அப்ரே லா முசோன்' என்று கேரளத்து மழையை வைத்து ஒரு சென்ட் செய்தார். இஞ்சி, ஏலம், கொத்தமல்லி விதை, மிளகு, எல்லாம் தண்ணீரில் முங்கிக் கிடக்கின்றன. மழை பெய்து பெய்து அலுத்துப் போன தோட்டம் அது. நேர்த்தியான வேலை. ஆனால் எங்கள் மழை அப்படி இல்லை. வறண்டு கிடந்த செம்மண் கொல்லையில், மல்லாட்டை போட உழுது வைத்த நிலத்தில் முதல் தூறல் விழும்போது எழும்புமே, அந்த வாசனை வேண்டுமானால் கன்னோஜ் நகரத்து மண் அத்தரிடம்தான் போக வேண்டும். சுட்ட மண்ணைச் செம்புப் பாண்டத்தில் போட்டு வடித்து, ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடிக்கிறார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு மனித மூக்கு அபாரமாகக் கூர்மையானது. 1964-இல் மழை வாசனையை ஆராய்ந்து எழுதிய ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் இந்த அத்தர் தொழிலைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு சொட்டு போதும். சென்ட்டாகப் போட்டுக்கொள்ள முடியாவிட்டாலும் கைக்குட்டையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பது பற்றிப் பலர் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் சென்ட்டுக்கு எதிரி வெளிச்சமும் சூடும். ஜன்னலோரமும் வண்டி டேஷ்போர்டும் வேண்டாம். ஓட்டு வீட்டில் இரும்பு பீரோ மத்தியானத்தில் கொதிக்கும், அதனால் மேல் தட்டில் வைக்காமல் அடித் தட்டில், அட்டைப் பெட்டியோடு துணிகளுக்கு நடுவில் வையுங்கள். அடிப்பது எப்போதும் குளித்துத் துவட்டிய உடனே. தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் கழுத்துப் பக்கம் வேண்டாம், எண்ணெய் வாசனையோடு சண்டை வரும். பருத்திச் சட்டையின் உள்பக்கம் நல்ல இடம், தோலைவிட அதிக நேரம் பிடித்து வைக்கும். வெள்ளை வேட்டியில் நேராக அடித்தால் மஞ்சள் கறை விழும் சரக்குகள் உண்டு, முக்கியமாக மல்லிச் சாறும் வெனிலாவும் உள்ளவை.

ஆவணியில் அக்கா மகனுக்குக் கல்யாணம். "மாமா, முகூர்த்தத்துக்கு எதைப் போடட்டும்?" என்று கேட்டிருக்கிறான். அவனிடம் 'சொவாஜ்' இருக்கிறது, நண்பர்கள் கொடுத்த இனிப்பு சென்ட் ஒன்றும் இருக்கிறது. இரண்டும் வேண்டாம் என்றேன். யோசித்துப் பாருங்கள். கழுத்தில் சம்பங்கியும் ரோஜாவும் கட்டிய மாலை, நெற்றியில் சந்தனம், எதிரே ஓமப் புகை, நெய், சுற்றிலும் நூறு பேர் மூச்சு, மேலே தகரக் கூரை. இத்தனை வாசனைக்கு நடுவில் இன்னொரு இனிப்பு வந்தால் மாப்பிள்ளைக்கே தலை சுற்றும். கெர்லான் 'வெட்டிவர்' பச்சைக் குப்பியை அவனுக்கு வாங்கி வைத்திருக்கிறேன். விடிகாலையில் குளித்ததும் மார்பில் இரண்டு முறை, பனியனுக்கு உள்ளே ஒருமுறை. மாலை மாற்றும்போது மேலே பூ இருக்கும், அடியில் வேர் இருக்கும். ரிசப்ஷனுக்கு மட்டும் 'எகோயிஸ்ட்' போட்டுக்கொள்ளட்டும், அந்த மண்டபத்தில் ஏசி இருக்கிறது.